பழைய கணினிக்கு ஒரு எக்ஸ்பேன்ஷன் கார்டு: முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடும் டெஸ்க்டாப் கணினி மெதுவாகிவிட்டால், பலரும் முதலில் குறை சொல்வது ப்ராசஸரைத்தான். பெரும்பாலும் குற்றம் அதன்மேல் இல்லை. எழுத, படிக்க, இணையம் பார்க்க, கணக்குப் போட, வீடியோ பார்க்க நான்கு கோர் உள்ள பழைய ப்ராசஸர் இன்றைக்கும் போதும். உண்மையில் வயதாகிப்போனவை வேறு இரண்டு. ஒன்று, தகவலைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க். மற்றொன்று, வெளியிலிருந்து தகவல் உள்ளே வந்து போகும் யூஎஸ்பி வழி. இந்த இரண்டையும் மதர்போர்டை மாற்றாமலே புதுப்பிக்கலாம். அதற்கு உதவுவதுதான் எக்ஸ்பேன்ஷன் கார்டு.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், மதர்போர்டின் கீழ்ப்பாதியில் நீளமாகவும் குட்டையாகவும் சில பிளாஸ்டிக் பள்ளங்கள் தெரியும். அவைதான் ஸ்லாட்கள். உள்ளங்கை அளவுள்ள ஒரு சர்க்யூட் போர்டை, அதன் தங்க நிற விளிம்பு உள்ளே போகும்படி அந்தப் பள்ளத்தில் செருகுகிறோம். அதன் உலோகத் தகடு பெட்டியின் பின்பக்கம் வந்து நிற்கும். யூஎஸ்பி துளைகள் அந்தத் தகட்டில் இருக்கும். சில கார்டுகள் யூஎஸ்பி மட்டும் தரும். சில, டிஸ்க் இணைக்க சாட்டா போர்ட்கள் தரும். சிலவற்றில் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சிப்களில் தகவலைச் சேமிக்கும் மெல்லிய பட்டை ஒன்றை, நேரடியாகக் கார்டின் மேலேயே பொருத்தலாம். சேமிப்பு, யூஎஸ்பி இரண்டையும் ஒரே கார்டில் தருபவையும் உண்டு. ஒரு ஸ்லாட்தான் காலியாக இருக்கிறது என்பவர்கள் தேடிப்போவது இந்தக் கடைசி வகையை.

டிஸ்க் ஏன் தாமதிக்கிறது

நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி ஆகிறது. தேவையான தகவல் தட்டின் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது சுமார் 4 மில்லி வினாடி. அதற்கு முன்னால், படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் 8, 9 மில்லி வினாடி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை எடுக்க ஒவ்வொன்றுக்கும் 12 மில்லி வினாடி போய்விடுகிறது. வினாடிக்கு எண்பது போலத்தான் எடுக்க முடியும். கணினி ஆன் ஆகும்போது இயங்குதளம் படிப்பதோ ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகள். ப்ராசஸர் அத்தனை நேரமும் சும்மா காத்திருக்கிறது.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. அதே தகவல் 0.1 மில்லி வினாடியில், பல சமயம் அதற்கும் குறைவாக, கைக்கு வந்துவிடும். நூறு மடங்கு வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடும் ‘வினாடிக்கு இத்தனை எம்பி’ என்ற எண்ணில் இல்லை.

ஆகவே கார்டு வாங்கப் புறப்படும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இது: மதர்போர்டில் ஏற்கெனவே ஒரு சாட்டா போர்ட் காலியாக இருந்தால், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை அதில் மாட்டிப் பாருங்கள். சாட்டாவின் இரண்டாம் தலைமுறை போர்ட் என்றாலும் வினாடிக்கு 270, 280 எம்பி கிடைக்கும். மூன்றாம் தலைமுறை என்றால் 550 எம்பி வரை. எண் எதுவானாலும் அந்த 12 மில்லி வினாடிக் காத்திருப்பு ஒழிந்துவிடும். அதுவே போதும் என்று தோன்றினால் சேமிப்புக்காகக் கார்டே வேண்டியதில்லை.

அப்படியானால் கார்டு யாருக்கு? சாட்டா போர்ட்கள் எல்லாம் நிரம்பிவிட்டவர்களுக்கு. பெரிய வீடியோ கோப்புகளோடு வேலை செய்பவர்களுக்கு. சாட்டாவைத் தாண்டிய வேகம் அவர்களுக்குத்தான் கண்கூடாகத் தெரியும். அப்புறம், யூஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள கணினி வைத்திருக்கும் அனைவருக்கும்.

யூஎஸ்பி 2.0 வந்தது 2000-ஆம் ஆண்டில். அதன் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட் என்பார்கள். நடைமுறையில் 30 முதல் 40 எம்பிதான் கிடைக்கும். 50 ஜிபி அளவுள்ள புகைப்படத் தொகுப்பை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்க ஏறக்குறைய 24 நிமிடம் ஆகும். 2008-இல் வெளியான யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 ஜிகாபிட். அதே வெளி ஹார்ட் டிஸ்க்கை இதில் மாட்டினால் 7, 8 நிமிடம். வெளி எஸ்எஸ்டி என்றால் இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே (மதர்போர்டில் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்) யூஎஸ்பி 3.0-ஐச் சேர்த்தது 2012-இல்தான். அதற்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி 3.0-ஐக் குறிக்கும் நீல நிறத் துளை ஒன்றுகூட இருக்காது. வாரம் தவறாமல் பேக்கப் எடுக்க வேண்டும் என்று நினைத்தும், ஆகும் நேரத்துக்குப் பயந்தே தள்ளிப்போடும் பழக்கம் இந்தக் கணினிகளில் அதிகம். யூஎஸ்பி கார்டால் வரும் பெரிய நன்மை, பேக்கப் உண்மையில் நடக்கத் தொடங்கும் என்பதே.

ஸ்லாட் எவ்வளவு தரும்

கார்டின் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் அந்தக் கார்டால் முடிந்த வேகம். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஸ்லாட்டால் முடிந்த வேகம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

பழைய போர்டுகளில் இரண்டு வகை ஸ்லாட் இருக்கும். ஒன்று பிசிஐ, 1992-இல் வந்தது. பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். அதன் மொத்தக் கொள்ளளவே வினாடிக்கு 133 எம்பி, அதையும் எல்லா பிசிஐ கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கணினியில் இந்த வகை மட்டும்தான் இருக்கிறது என்றால், வேகத்துக்காகக் கார்டில் பணம் போடாதீர்கள். இரண்டாவது வகை பிசிஐ எக்ஸ்பிரஸ். இது வேறு அமைப்பு. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாக ‘லேன்’ என்னும் தடங்கள் உண்டு. எக்ஸ்1 என்றால் ஒரு லேன், எக்ஸ்4 என்றால் நான்கு, எக்ஸ்16 என்றால் பதினாறு. ஒரு லேன் எவ்வளவு சுமக்கும் என்பது தலைமுறையைப் பொறுத்தது. 2003-இல் வந்த முதல் தலைமுறையில் வினாடிக்கு 250 எம்பி. 2007-இல் வந்த 2.0-இல் 500 எம்பி. 2010-இல் வந்த 3.0-இல் ஏறக்குறைய 985 எம்பி. இவை ஏட்டுக் கணக்கு. நிர்வாகத் தகவல்கள் போக எண்பது சதவீதத்துக்குச் சற்று மேலே கையில் நிற்கும்.

புதிய தலைமுறைக் கார்டு பழைய ஸ்லாட்டிலும் வேலை செய்யும், பழைய கார்டு புதிய ஸ்லாட்டிலும் வேலை செய்யும். இருவரில் யார் மெதுவோ அவர் வேகத்துக்கு மற்றவர் இறங்கி வருவார். குட்டைக் கார்டை நீள ஸ்லாட்டில் போடலாம், அதில் தவறே இல்லை. நீளக் கார்டுதான் குட்டை ஸ்லாட்டில் நுழையாது.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பார்வைக்கு எக்ஸ்16 நீளம் உள்ள சில ஸ்லாட்களில் உண்மையில் நான்கு லேன் மட்டுமே இணைத்திருப்பார்கள். வாசல் அகலமாக இருக்கும், உள்ளே போகும் நடை குறுகலாக இருக்கும். மதர்போர்டின் கையேட்டைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கையேடு இல்லையென்றால் டார்ச் அடித்து ஸ்லாட்டின் உள்ளே பாருங்கள். உலோகத் தொடுமுனைகள் முழு நீளத்துக்கும் இருக்கின்றனவா, பாதிக்கு முன்பே நின்றுவிடுகின்றனவா என்று பல போர்டுகளில் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தலைமுறை எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்டெலின் 2009-ஆம் ஆண்டு பி55 சிப்செட்டில், சிப்செட்டோடு இணைந்த ஸ்லாட்கள் 2.0 என்று அழைக்கப்பட்டாலும் ஓடியது முதல் தலைமுறை வேகத்தில்தான். ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட் மட்டுமே முழு வேகம் தந்தது. அந்த ஸ்லாட்டில் வழக்கமாகக் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருக்கும். ப்ராசஸருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸைப் பயன்படுத்தும் வசதி போர்டில் இருந்து (பி55-இல் அது இல்லை), அதுவே உங்களுக்குப் போதுமென்றால், அந்தக் கார்டை எடுத்துவிட்டு அங்கே எஸ்எஸ்டி கார்டை வைப்பது நல்ல யோசனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 3,500 எம்பி படிக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டா வழியாக இல்லாமல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவே பேசும் வகை) ஒன்று இருக்கிறது. அதை 2.0 தலைமுறை எக்ஸ்4 ஸ்லாட்டில் வைத்தால் 1,600 எம்பி போலக் கிடைக்கும். அதே தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட் என்றால் 400 எம்பி. அதாவது சாதாரண சாட்டா எஸ்எஸ்டியைவிடக் குறைவு! அதிவேக எஸ்எஸ்டிக்குக் கொடுத்த கூடுதல் பணம் அங்கே வீண். இந்த நிலையில் இருப்பவர்கள் விலை குறைந்த என்விஎம்இ ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தைக் கொள்ளளவில் போடுவதே சரி.

யூஎஸ்பி கார்டுக்கும் இதே கணக்குதான். நான்கு துளைகள், ஒவ்வொன்றும் 5 ஜிகாபிட் என்று எழுதியிருக்கும். எக்ஸ்1 கார்டு என்றால் நான்கும் சேர்ந்து அந்த ஒற்றை லேனைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். தவிர, பிசிஐ எக்ஸ்பிரஸ் லேனில் போகும் தடமும் வரும் தடமும் தனித்தனி. ஒரு வெளி டிஸ்க்கிலிருந்து படித்து, அதே கார்டில் உள்ள இன்னொரு டிஸ்க்கில் எழுதும்போது படிப்பது ஒரு திசையிலும் எழுதுவது எதிர்த்திசையிலும் போகின்றன. ஒன்றின் வேகத்தை மற்றொன்று அவ்வளவாகத் தின்னாது. இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில் படித்தால்தான் பங்குபோடல் உறைக்கும்.

இரண்டும் ஒன்றான கார்டு

சேமிப்பும் யூஎஸ்பியும் ஒரே கார்டில் வந்தால், ஒரே ஸ்லாட்டை இரண்டு சிப்கள் பகிர வேண்டும். ஒழுங்காகச் செய்த கார்டில் இதற்கென்றே மூன்றாவதாக ஒரு ஸ்விட்ச் சிப் இருக்கும். அது லேன்களைப் பிரித்து இரண்டு பக்கமும் கொடுக்கும். இந்தச் சிப் விலை அதிகம். அதனால்தான் நல்ல இரட்டைக் கார்டுகள் விலை கூடுதலாக இருக்கின்றன. ஸ்விட்ச் சிப் இல்லாமல், மதர்போர்டே லேன்களைப் பிரித்துத் தரும் என்று எதிர்பார்க்கும் கார்டுகளும் உண்டு. இப்படிப் பிரிக்கும் வசதி பழைய போர்டுகளில் அனேகமாக இருக்காது. அங்கே அந்தக் கார்டின் ஒரு பாதி மட்டும் வேலை செய்யும், மறுபாதி செத்தது போல் கிடக்கும். இரண்டு எம்.2 எஸ்எஸ்டி ஏற்கும் கார்டுகளிலும் இதே சிக்கல்தான்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. 22 மில்லிமீட்டர் அகலம், பொதுவாக 80 மில்லிமீட்டர் நீளம். அந்த வடிவத்துக்குள் சாட்டா எஸ்எஸ்டியும் வரும், என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் கார்டில் சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. தொடுமுனையில் ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா என்று சொல்வார்கள். இது பெரும்பாலும் சரி, ஆனால் இரண்டு வெட்டுள்ள என்விஎம்இயும் உண்டு. மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பதே நம்பகமானது. விலை மலிவான சில கார்டுகளில் இரண்டு எம்.2 இடம் இருக்கும்: ஒன்று என்விஎம்இக்கு, மற்றது சாட்டாவுக்கு. அந்த இரண்டாவது இடம் ஸ்லாட்டிலிருந்து மின்சாரத்தை மட்டும்தான் எடுக்கும். தகவல் போக, கார்டிலிருந்து மதர்போர்டின் சாட்டா போர்ட்டுக்குத் தனியாக ஒரு கேபிள் இழுக்க வேண்டும். போர்டில் சாட்டா போர்ட் காலி இல்லை என்பதற்காகவே கார்டு வாங்குபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு இரண்டு ஸ்லாட் காலியாக இருந்தால் இரட்டைக் கார்டு வாங்க மாட்டேன். தனித்தனியாக இரண்டு சாதாரணக் கார்டுகள் போடுவேன். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும், சிப் எது என்று தேடிப் பார்ப்பதும் எளிது. சிப் பெயர் முக்கியம், கார்டின் பிராண்டு பெயரைவிட. யூஎஸ்பி கார்டுகளில் ரெனெசாஸ், ஏஎஸ்மீடியா, வியா ஆகியோரின் சிப்கள் பரவலாக இருக்கின்றன. சாட்டா கார்டுகளில் ஏஎஸ்எம்1061 என்பது இரண்டு போர்ட்டுக்கான எக்ஸ்1 சிப். ஜேஎம்பி585 ஐந்து போர்ட்டுக்கானது, இரண்டு லேன் எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாக அடுக்க நினைப்பவருக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும்.

பூட் ஆகுமா?

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. என்விஎம்இ எஸ்எஸ்டியைக் கார்டில் மாட்டி, அதில் விண்டோஸைப் போட்டு, அதிலிருந்தே கணினியை ஆன் செய்ய வேண்டும் என்பதுதான் எல்லாருடைய ஆசையும். ஆனால் கணினி எழுந்தவுடன் முதலில் ஓடுவது மதர்போர்டில் எழுதியிருக்கும் பயாஸ். அதற்கு என்விஎம்இ என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். என்விஎம்இயின் முதல் வரையறையே 2011-இல்தான் வந்தது. இன்டெல் போர்டுகளில் 2014-ஆம் ஆண்டின் 9 வரிசைச் சிப்செட்களிலிருந்துதான் இந்த ஆதரவு பரவலானது. அதற்கு முந்தைய போர்டு என்றால், இயங்குதளம் எழுந்த பிறகு எஸ்எஸ்டி நன்றாகவே தெரியும். அதிலிருந்து நேரடியாகப் பூட் மட்டும் ஆகாது.

இதற்கு எளிய வழி, இயங்குதளத்தை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் உள்ள சிறிய எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, என்விஎம்இயை வேலைக் கோப்புகளுக்கு வைத்துக்கொள்வது. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் பூட் பகுதியை மட்டும் சாட்டா டிஸ்க்கில் வைத்து, மற்ற அனைத்தையும் என்விஎம்இயில் வைக்கலாம். பூட் லோடரை யூஎஸ்பி பென் டிரைவில் வைத்து அதன் வழியாக எழுப்பும் முறையும் இருக்கிறது. மதர்போர்டின் பயாஸையே திருத்தி என்விஎம்இ பகுதியைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது தவறினால் போர்டே எழாமல் போய்விடலாம், தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 8.1 முதல் என்விஎம்இ டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் அதன் மையப் பகுதியான கெர்னலின் 2012-ஆம் ஆண்டு 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது.

ஆப்பிளின் 2010, 2012 மேக் ப்ரோ டவர்களை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவற்றில் யூஎஸ்பி 2.0 மட்டும்தான், ஸ்லாட்களும் 2.0 தலைமுறைதான். ஆனாலும் 2018-இன் மேக் இயங்குதளமான மொஹாவேயோடு வந்த ஃபர்ம்வேர் (பயாஸ் போல முதலில் ஓடும் மென்பொருள்), என்விஎம்இயிலிருந்து பூட் செய்யும் வசதியைக் கொடுத்தது. யூஎஸ்பி கார்டு வாங்கும்போது மட்டும், அந்தச் சிப்புக்கு மேக் இயங்குதளத்திலேயே டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

யூஎஸ்பி கார்டிலும் பூட் சார்ந்த ஒரு விஷயம் உண்டு. கார்டில் உள்ள துளைகள் பல கணினிகளில் இயங்குதளம் எழுந்த பிறகுதான் உயிர்பெறும். கீபோர்டை அங்கே மாட்டினால் பயாஸ் திரையில் எந்த விசையும் வேலை செய்யாது. கீபோர்டும் மவுஸும் பழைய யூஎஸ்பி துளையிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு வேகம் தேவையில்லை.

மின்சாரம், பொருத்துதல்

யூஎஸ்பி 3.0 துளை ஒன்று 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்ப், அதாவது 4.5 வாட் தர வேண்டும். நான்கு துளைக்கு 18 வாட். எக்ஸ்1 ஸ்லாட்டோ கணினி ஆன் ஆகும்போது 10 வாட்தான் தரும். அதனால்தான் பல கார்டுகளின் ஓரத்தில், பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளை மாட்ட ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அதை மாட்டாமல் விட்டால் மவுஸும் பென் டிரைவும் ஓடும். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் டிக் டிக் என்று சத்தம் வந்து காணாமல் போகும். பவர் சப்ளையில் பொருத்தமான முனை இருந்தால் அதையே நேரடியாக மாட்டுங்கள். நான்கு முனை கேபிளைச் சாட்டா பவராக மாற்றித் தரும் மலிவான அடாப்டர்களில், கம்பிகளை உருக்கிய பிளாஸ்டிக்கில் பதித்துச் செய்த வகை ஆபத்தானது. உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்த நிகழ்வுகள் உண்டு.

பொருத்துவது கடினமே அல்ல. கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் வடியப் பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். ஸ்லாட்டுக்கு நேரான பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கார்டின் தங்க விளிம்பில் ஓரிடத்தில் சிறிய வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் அதற்கேற்ற தடுப்பு இருக்கும். இரண்டையும் நேர்படுத்தி, கார்டின் இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். தங்கப் பட்டைகள் கிட்டத்தட்ட முழுதும் உள்ளே மறைந்துவிட வேண்டும். பிறகு திருகைப் போடுங்கள். பல பெட்டிகளில் திருகை இறுக்கும்போது பின்தகடு கார்டைச் சற்றுச் சாய்த்து, மறுமுனையை ஸ்லாட்டிலிருந்து தூக்கிவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை குனிந்து பார்ப்பது நல்லது. பெட்டி ஒல்லியான வகை என்றால், குட்டைத் தகடும் சேர்ந்து வரும் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகு

விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3.0 டிரைவர் தானாகவே அமர்ந்துவிடும். விண்டோஸ் 7-இல் சிப் தயாரிப்பாளரின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லையென்றால் சரி. லினக்ஸில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையின் விரிவான வெளியீட்டில், கார்டு எத்தனை லேனில், எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்றே எழுதிக் காட்டும். 5 ஜிகா என்று வந்தால் இரண்டாம் தலைமுறை, 2.5 என்று வந்தால் முதல் தலைமுறை. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் கணினியை அணைத்து வேறொரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்த்து, புதிய துளையிலும் 35 எம்பியில் நின்றால் கார்டைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பிதான், 3.0 வேகத்துக்குத் தேவையான கூடுதல் ஐந்து அதில் இல்லை. ‘ஏ’ வகை முனை என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள்: முன்வரிசையில் நான்கு தொடுமுனைகளும், அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஐந்தும் தெரிய வேண்டும்.